பளபளக்கும் பெயிண்ட்; அடியிலே ஓட்டை சேஸ்! பழைய "குட்டி யானை" வாங்குவோர் உஷார்!

சம்சாரத்தின் நகையை அடகு வைத்து, மைத்துனனிடம் கைமாற்று வாங்கி, முதல் முதலாகச் சொந்த வண்டி வாங்குகிறார் ஒரு கூலி டிரைவர். பழைய வண்டிதான். ஆனாலும் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்துகிறார். தெருவே வேடிக்கை பார்க்கிறது.

பதினைந்தாவது நாள் அதே வண்டி பாடி மேம்பாலத்தில் புகை கக்கிக் கொண்டு நிற்கிறது. மெக்கானிக் வருகிறார். எஞ்சின் மூடியைத் திறக்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

அவ்வளவுதான்! நகையும் போச்சு. கைமாற்றும் போச்சு. விட்டுவிட்டு வந்த கூலி வேலையும் போச்சு. மாதத் தவணை மட்டும் போகவில்லை!

சென்னையில் எந்த லோடு வண்டி ஸ்டாண்டில் போய் நின்றாலும் இந்த மாதிரிக் கதை காதில் விழும். கோயம்பேட்டில் விழும். சவுகார்பேட்டையில் விழும். காசிமேட்டில் கேட்கவே வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவது தப்பில்லை. புது வண்டி வாங்க வசதி இல்லாதவனுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது, எதைப் பார்த்துவிட்டு ஓடுவது என்று தெரியாமல், பெயிண்டையும் ஹாரனையும் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம்.

வந்த கதை

2005ஆம் ஆண்டு மே மாதம் டாட்டா கம்பெனி "ஏஸ்" என்ற சின்ன லாரியை விற்பனைக்கு விட்டது. இரண்டே சிலிண்டர். 702 சி.சி. டீசல் எஞ்சின். 16 குதிரை சக்தி. அப்போது விலை சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில் இந்த வண்டி கச்சிதமாகப் புகுந்து கொண்டது. வடக்கே "சோட்டா ஹாத்தி" என்றார்கள். நம் ஊரில் அது "குட்டி யானை" ஆகிவிட்டது. இன்றைக்கு எந்தக் கம்பெனி சின்ன லோடு வண்டி வந்தாலும் பாதிப் பேர் குட்டி யானை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு போட்டி முளைத்தது. 2011இல் அசோக் லேலண்டின் "தோஸ்த்" வந்தது. மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன் தாங்கும். மகிந்திராவின் பொலீரோ பிக்கப் அதற்கும் மேலே. 2016இல் மாருதியின் "சூப்பர் கேரி" வந்தது. பழைய வண்டிச் சந்தையில் கைக்குக் கை மாறுகிறவை பெரும்பாலும் இவைதான்.

இதில் எது நல்லது? இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அங்கேயே தப்பு ஆரம்பம்!

முதலில் லோடு

எந்த வண்டி என்பதற்கு முன்னால், என்ன லோடு என்று கேட்க வேண்டும்.

தண்ணீர் கேன் போடுகிறவர் கணக்கைப் பார்ப்போம். ஒரு கேனில் 20 லிட்டர். அதாவது 20 கிலோ. முக்கால் டன் தாங்கும் ஏஸ் வண்டியில் 37 கேன் ஏற்றினால் 740 கிலோ. கணக்கு சரி. ஆனால் நடப்பது என்ன? இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று 60 கேன் ஏறும். 1,200 கிலோ! வண்டி இழுக்கிறதே என்பார்கள். இழுக்கும். இரண்டு வருஷம் இழுக்கும். பிறகு பட்டை உடையும். சேஸில் கீறல் விழும். அப்போது அந்த வண்டி யார் தலையில் கட்டப்படும்? சந்தைக்கு வரும் அடுத்த கூலி டிரைவர் தலையில்!

சிமெண்டு மூட்டை 50 கிலோ. 15 மூட்டையோடு ஏஸ் நின்றுவிட வேண்டும். ஹார்டுவேர் கடைக்கு ஓட்டுகிறவர் ஏஸ் வாங்கினால், மூன்றாவது மாதம் தலையைச் சொறிய வேண்டியதுதான். அவருக்குத் தோஸ்த் மாதிரி ஒன்றேகால் டன் வண்டி வேண்டும். அதே சமயம் பாரிமுனைச் சந்துகளில் துணி பண்டலும் பேப்பர் பண்டலும் போடுகிறவருக்குப் பெரிய பிக்கப் எதற்கு? திருப்ப இடம் கிடைக்காது. டீசல்தான் குடிக்கும்.

இன்னொரு விஷயம். லோடோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட் வாங்க வேண்டும். இது பல பேருக்குத் தெரியாது. ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று போட்டிருக்கும். முதல் வண்டி வாங்குகிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம்.

புரோக்கர் பாஷை

பழைய வண்டி புரோக்கர்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. அது புரியாமல் போனால் ஆபத்து.

"அண்ணே, சிங்கிள் ஓனர்ணே. பால் வண்டிணே. பூ மாதிரி ஓட்டினது. பேப்பர் எல்லாம் கரண்ட். நீங்க சாவி போட்டா போதும்" என்பார்.

சாதாரண ஆள் நினைப்பார்: பால் வண்டி என்றால் சுத்தமான வண்டி போலிருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். பால் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? பொங்கல், தீபாவளி உண்டா? நடுராத்திரி 2 மணிக்குக் கிளம்பும். வருஷத்தில் 365 நாளும் ஓடும். தெருவுக்குப் பத்து இடத்தில் நின்று நின்று போகும். கிளட்சும் பிரேக்கும் என்ன பாடு பட்டிருக்கும்? பூ மாதிரி ஓட்டினாராம்!

"பேப்பர் கரண்ட்" என்றால் எப்.சி.யும் இன்சூரன்சும் நடப்பில் இருக்கிறது என்று அர்த்தம். எந்த மாதம் வரை என்று கேட்டால்தான் புரோக்கர் வாயிலிருந்து உண்மை வரும். "அடுத்த மாசம் முடியுதுண்ணே, அது ஒண்ணும் பிரச்சினை இல்லை, பாத்துக்கலாம்" என்பார். பிரச்சினையே அதுதான்!

எப்.சி. மர்மம்

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எப்.சி. எட்டு வயதுக்கு மேல் வருஷா வருஷம். எப்.சி. என்றால் சும்மா போய் முத்திரை குத்தி வாங்குவதல்ல. டிங்கரிங், பெயிண்ட், பிரேக், லைட்டு, பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் என்று வேலை நீளும். அத்தனை நாளும் வண்டி ஓடாது. வருமானம் வராது.

ஆகவே கில்லாடி முதலாளிகள் என்ன செய்கிறார்கள்? எப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும்போது வண்டியை விற்றுவிடுகிறார்கள். செலவு வாங்குகிறவர் தலையில்!

இதற்கு நேர் எதிரான வித்தையும் உண்டு. எப்.சி. காட்டிய கையோடு வண்டியை நிறுத்தி வைப்பார்கள். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்கும். அந்தப் பெயிண்டுக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் துரு. துருவுக்கு அடியில் ஒன்றுமே இல்லை, ஓட்டை!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு சின்னக் காந்தத் துண்டு போதும். கதவுக்கு அடியில், கேபின் ஓரத்தில், சக்கரத்துக்கு மேலே வைத்துப் பார்க்க வேண்டும். தகடு இருந்தால் பிடிக்கும். பட்டி பூசி மெழுகியிருந்தால் கீழே விழும். விற்கிறவர் முகம் அப்போது போகிற போக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

15 வயது தாண்டிய வண்டி என்றால் எப்.சி. கட்டணமே தனி, அதிகம். அதற்கு மேல் பசுமை வரி வேறு. விலை சல்லிசாக இருக்கிறதே என்று அந்த வயது வண்டியை முதல் வண்டியாக வாங்குவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை.

மீன் வண்டி

துறைமுகப் பக்கம் விலை மலிவாக வண்டி கிடைக்கிறது என்று சிலர் காசிமேடு, ராயபுரம் பக்கம் ஓடுகிறார்கள்.

மீன் லோடு அடித்த வண்டி என்றால் உப்புத் தண்ணீரில் ஊறிய வண்டி என்று அர்த்தம். ஐஸ் உருகும். மீன் தண்ணீரோடு சேர்ந்து தொட்டித் தரையில் நிற்கும். பலகை இடுக்கு வழியாகச் சேஸில் சொட்டும். நாள் தவறாமல் சொட்டும். மேலே புதுத் தகடு அடித்துவிடலாம். சேஸை என்ன செய்வது?

வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். வேட்டி அழுக்காகுமே என்று கூச்சப்பட்டால் காரியம் கெட்டது. ஸ்குரூ டிரைவரால் சேஸைத் தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும். பொறை பொறையாகத் துரு உதிர்ந்தால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வர வேண்டியதுதான்.

பின்பக்கப் பட்டைகளை எண்ண வேண்டும். கம்பெனி கொடுத்ததை விட ஒன்றிரண்டு அதிகமாகச் சொருகியிருந்தால், ஓவர் லோடு அடித்த வண்டி. சாட்சியே வேண்டாம். பட்டை மாட்டியிருக்கும் கொக்கிக்குப் பக்கத்தில்தான் சேஸ் முதலில் கீறும். அங்கே வெல்டிங் தழும்பு இருந்தால் வண்டி ஒரு தடவை "ஆபரேஷன்" ஆகியிருக்கிறது.

வெள்ளத்தில் குளித்த வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வண்டிகள் முழுகின என்பது ஊருக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் மறுபடியும் அதே கதை. முழுகிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, சீட்டு உறை மாற்றி, சாம்பிராணி போட்டுச் சந்தைக்கு வந்தவையும் உண்டு.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட்டைத் தூக்க வேண்டும். சீட்டு நகரும் இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா? டாஷ் போர்டுக்கு அடியில் விரலை விட்டால் வண்டல் மண் ஒட்டுகிறதா? வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்த இடுக்குகளுக்கு யாரும் போவதில்லை. இப்போதைய வண்டிகளில் வயரும் சென்சாரும் அதிகம். ஒரு தடவை தண்ணீர் குடித்த வண்டி, மழைக்காலம் வந்தால் நினைத்த இடத்தில் நிற்கும்.

சூடு பார்த்தால் போதும்

வண்டி பார்க்கப் போகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. சொன்னால் என்ன ஆகும்? போகும்போதே எஞ்சின் சூடாக இருக்கும். "இப்பத்தாண்ணே ஒரு நடை போய்ட்டு வந்தோம்" என்பார்கள். சூடான டீசல் எஞ்சின் எந்த லட்சணத்தில் இருந்தாலும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிடும். நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுகிற கதைதான்.

காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போக வேண்டும். முதலில் கையை எஞ்சின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால்தான் சாவி போடச் சொல்ல வேண்டும். சாவியைத் திருகித் திருகிக் கட்டை விரல் வலித்தால் கம்ப்ரஷன் குறைச்சல், இல்லையேல் பேட்டரி சோடை. பேட்டரியை மாற்றலாம். கம்ப்ரஷனுக்கு எஞ்சினையே இறக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள் அனுபவசாலிகள். அந்த ஓட்டை வழியாகப் புகை "புஸ் புஸ்" என்று வந்தால் எஞ்சின் "மூச்சு விடுகிறது" என்பது மெக்கானிக் பேச்சு. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூடியின் உள்பக்கம் பால் மாதிரி, காபி மாதிரி கொழகொழவென்று இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குமிழி வரும். திறப்பதானால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போதே திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும், ஜாக்கிரதை!

புகையின் நிறமும் பேசும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கொஞ்சம் கறுப்பு வந்து அடங்கினால் பழைய டீசலுக்கு அது சகஜம். நிற்காமல் கறுப்பு வந்தால் பம்ப், இன்ஜெக்டர் வேலை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. டீசலோடு ஆயிலுக்கும் தினக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது காலி வண்டியில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். காலி வண்டி எல்லாம் ராஜாதான்! முடிந்தால் பாதி லோடாவது ஏற்றி ஒரு மேம்பாலம் ஏற வேண்டும். ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. பின்னாலிருந்து "ஊய்ங்" என்று ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் பினியன். கியர் போட்டதும் அடியில் "டக்" என்றால் கிராஸ். கிராஸ் சின்னச் செலவு. கிரவுன் பெரிய செலவு.

கிலோ மீட்டர் என்ன ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீட்டரைத் திருப்பி வைப்பது இந்தத் தொழிலில் கால் மணி நேர வேலை. பார்க்க வேண்டியது பெடலை. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் மினுமினுவென்று இருக்கும் வண்டி, மீட்டரில் 40 ஆயிரம் என்று காட்டினால் யாரை ஏமாற்றுகிறார்கள்?

டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் வெயிலில் வெடித்திருக்கும். நாலு டயர் மாற்றுகிற செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

தனக்குத் தெரியாது என்றால், தெரிந்த மெக்கானிக்கை ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போவது புத்திசாலித்தனம். ஆனால் புரோக்கர் சொல்கிற மெக்கானிக்கை அல்ல!

கேஸில் மாட்டிய வண்டி

வண்டி நல்ல வண்டியாக இருக்கலாம். ஆனால் அதன் ஜாதகம்?

ரேஷன் அரிசி கடத்தலில் பிடிபடுகிற வண்டிகளில் சின்ன லோடு வண்டிகளும் உண்டு. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் வண்டியையே பறிமுதல் செய்ய அதிகாரம் இருக்கிறது. விபத்து கேஸ் கோர்ட்டில் இருக்கிற வண்டியும், தவணை பாக்கியோடு பைனான்சுக்காரர் தேடிக் கொண்டிருக்கிற வண்டியும், திருட்டு வண்டியும் சந்தையில் ஒன்றாகத்தான் நிற்கும். எல்லாம் ஒரே பளபளப்பு.

திருட்டு வண்டி ஆசாமிகளின் பழைய கைவரிசை, சேஸ் நம்பரை ராவி எடுத்துவிட்டு வேறு நம்பர் குத்துவது. எப்.சி.யின்போது பென்சிலால் சேஸ் நம்பரைத் தேய்த்துப் பேப்பரில் அச்சு எடுப்பார்களே, அதே வேலையை வாங்குகிறவரும் செய்து பார்க்கலாம். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் ராவின தடமோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அந்த நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும்.

இப்போது ஒரு வசதி. மத்திய அரசின் "எம் பரிவாகன்" செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எப்.சி. எப்போது முடிகிறது, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் போனிலேயே தெரியும். அபராதச் சலான் பாக்கியையும் பார்க்கலாம். டீ குடிக்கிற நேரத்தில் ஆகிற வேலை. இதைக்கூடச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்கிறவரை என்னவென்று சொல்வது?

கடன் அடைத்துவிட்டேன் என்று விற்கிறவர் வாயால் சொன்னால் போதாது. பைனான்ஸ் கம்பெனியின் நிலுவையில்லாச் சான்று வேண்டும். கடன் பதிவை நீக்குகிற 35ஆம் நம்பர் பாரத்தில் கம்பெனி கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அது இல்லாமல் வாங்கினால், ஒருநாள் விடியற்காலை நான்கு ஆசாமிகள் வந்து சாவி கேட்பார்கள்.

புதுச்சேரி வண்டி, ஆந்திரா வண்டி மலிவாக வருகிறது என்றால், அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசின் தடையில்லாச் சான்று கையில் வந்த பிறகுதான் பேச வேண்டும். இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் மலிவு காணாமல் போய்விடும்.

வட்டிக் கணக்கு

கடன் கொடுக்கிறவர் "12 பர்சென்ட்தான் தம்பி" என்பார். "பிளாட்" என்ற வார்த்தையை மென்று முழுங்குவார்.

2 லட்சம் ரூபாய் கடன், மூன்று வருஷம் என்று வைத்துக் கொள்வோம். வருஷம் 24 ஆயிரம் வீதம் வட்டி 72 ஆயிரம். ஆக 2 லட்சத்து 72 ஆயிரத்தை 36 மாதத்தில் கட்ட வேண்டும். மாதம் சுமார் 7,556 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டி குறையாது. கடைசி மாதம் வரை முழு 2 லட்சத்துக்கும் வட்டி! குறைந்து வரும் பாக்கிக்கு வட்டி போடுகிற பாங்குக் கணக்கில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கு மேல்.

மாதம் 26 நாள் ஓடினால், தவணைக்கு மட்டும் தினம் 290 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். டீசல் வேறு. பார்க்கிங், கூலியாள், டீ வேறு. அதற்கு மேல் இன்சூரன்ஸ். 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும் 2022 ஜூன் முதல் வருஷத்துக்கு 16,049 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ் மாதிரி நினைத்துக் கொண்டு வருகிறவருக்கு மயக்கமே வந்துவிடும்.

கையில் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்கும் வண்டி பார்க்கக்கூடாது. ஒன்றரை லட்சத்துக்குப் பார்க்க வேண்டும். மிச்சம் 50 ஆயிரம் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், ஆயில், பெல்ட் என்று முதல் மாதத்திலேயே கரைந்து போகும். சொந்த வண்டி வாங்கியவர்கள் விழுகிற குழி இதுதான். வண்டி ஓடுகிறது, ஓட்டக் காசு இல்லை.

எதை வாங்கலாம்?

பழைய டீசல் ஏஸ் வண்டிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் அதைப் பிரிப்பார். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டிய வேலை இல்லை. புதுச் சாமான் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். பழைய சாமான் புதுப்பேட்டையில் கிடைக்கும். வேகம் கிடையாது, ஆட்டம் அதிகம், இரண்டு சிலிண்டர் கடகடவென்று பல் ஆடும். ஆனால் நகரத்துக்குள் முக்கால் டன் அடிப்பவருக்கு அது போதும்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்க வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் ஓடினால் அந்தக் கரி தானாக எரிந்துவிடும். மார்க்கெட்டுக்கும் கடைக்கும் நின்று நின்று ஓடினால் அடைத்துக் கொள்ளும். பழுது பார்க்கிற செலவும் பெரிசு. தெருவுக்குத் தெரு டெலிவரி அடிக்கிறவர் புதிய மாடல்தான் வேண்டும் என்றால், டீசலை விட பெட்ரோல் அல்லது கேஸ் வண்டி உத்தமம். கேஸ் வண்டி என்றால் சிலிண்டர் சோதனைச் சான்று நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பைனான்ஸ் கம்பெனி பறித்து ஏலம் போடுகிற வண்டிகளும் உண்டு. விலை குறைவுதான். ஆனால் மாதக் கணக்கில் வெயிலில் நின்ற வண்டி. பேட்டரி இருக்காது, டயர் வெடித்திருக்கும். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். "உள்ளது உள்ளபடி" என்று எழுதி வாங்கிக் கொள்வார்கள். முதல் வண்டி வாங்குகிறவருக்கு அது ஆகாது. பத்து வண்டி வாங்கி விற்றவர்கள் விளையாடுகிற ஆட்டம் அது.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 7,500 கிலோ மொத்த எடை வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்ட, சாதாரண கார் லைசென்சே போதும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017இல் சொன்னது. 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சும் அதை உறுதி செய்துவிட்டது. "பேட்ஜ் எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

பெயர் மாற்றம்

எல்லாம் சரியாக முடிந்து, பணமும் கை மாறிய பிறகு, "பெயர் மெதுவா மாத்திக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வாங்கியவருக்குச் செலவு மிச்சம். விற்றவருக்கு அலைச்சல் மிச்சம். இரண்டு பேருக்கும் வம்பு!

விற்றவர் 14 நாளுக்குள் 29ஆம் நம்பர் பாரத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் 30ஆம் நம்பர் பாரத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய சொந்தக்காரரின் "நோ கிளைம் போனஸ்" வண்டியோடு வராது. அது அவரோடு போய்விடும்.

பெயர் மாற்றாத வண்டியால் விபத்து நடந்தால் யார் நஷ்ட ஈடு கொடுப்பது? 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. கைக்குக் கை மாறிப் போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய கேஸ் அது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு. வண்டியை விற்றுக் காசை வாங்கிப் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணி முடித்தவருக்குக் கோர்ட்டு சம்மன் வந்தால் எப்படி இருக்கும்?

வாங்கியவர் மட்டும் தப்பினாரா என்றால் இல்லை. வண்டி பிடிபட்டால், பதிவேட்டில் பெயர் இல்லாத ஆள் ஸ்டேஷனில் போய் "என் வண்டி" என்று எப்படிச் சொல்வது? விற்றவர் செத்துப் போனால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். எப்.சி., கடன், இன்சூரன்ஸ் கிளைம் எல்லாம் பழையவர் கையெழுத்தில் தொங்கும். மூன்று கை மாறியும் முதல் ஆள் பெயரிலேயே ஓடுகிற வண்டி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக்கூடாது.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய சொந்தக்காரரின் பாஸ்டேக்கை அன்றைக்கே கிழித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் செங்குன்றம் தாண்டி நல்லூர் டோல்கேட்டில் நீங்கள் போகும்போதெல்லாம் அவருக்குக் காசு போகும். அவர் பிளாக் பண்ணிவிட்டால் லோடோடு வரிசையில் நின்று பேச்சு வாங்க வேண்டும்.

சாவி வாங்கும்போது டெலிவரி நோட்டு எழுதிக் கொள்வது வழக்கம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி. அதில் தேதி போடுகிறார்கள், மணி போடுவதில்லை. காலை 10 மணிக்கு விற்றவர் பையன் எங்கேயோ இடித்துவிட்டு வந்திருப்பான். 11 மணிக்கு நீங்கள் சாவி வாங்கியிருப்பீர்கள். சாயந்திரம் போலீசார் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தேதிக்குப் பக்கத்தில் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்றும் எழுதிக் கொள்ள வேண்டும்.